சோலார் பண்ணையை எங்கே வைப்பது? உயிர்களின் பக்கமிருந்து ஓர் ஒப்பீடு

"பொட்டல் காட்டில்தானே போடுகிறார்கள், அதற்கும் ஏன் எதிர்ப்பு?" "விளைநிலத்தைக் குத்தகைக்குக் கேட்கிறார்கள், பேனல் வந்தால் மண் செத்துவிடுமா?" "நீர்த்தேக்கத்தில் மிதக்கவிடப் போகிறார்களாம், மீன்கள் என்ன ஆகும்?" பெரிய சோலார் பண்ணைகளைப் பற்றி வாசகர்கள் கேட்பது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கிறது. கேட்பவர்களில் நிலம் வைத்திருப்பவர்கள் உண்டு, பறவை பார்ப்பவர்கள் உண்டு, திட்டத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் இருப்பவர்களும் உண்டு. எல்லோருக்கும் சூரிய மின்சாரம் வேண்டும். எங்கே என்று வரும்போதுதான் கை தயங்குகிறது.

முதலில் ஒரு கணக்கை ஓரமாக வைத்துவிடுவோம். நல்ல வெயில் விழும் இடத்தில் 1 மெகாவாட் பேனல்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய 15 லட்சம் யூனிட் மின்சாரம் தரும். அது நிலக்கரி மின்சாரத்தின் இடத்தைப் பிடித்தால் ஆயிரம் டன்னுக்கு மேல் கரியமில வாயு குறையும். அதே பரப்பில் நல்ல காடே நின்றாலும் ஆண்டுக்குச் சில பத்து டன்களுக்கு மேல் உறிஞ்சாது. ஆக, கரியமில வாயுக் கணக்கை மட்டும் பார்த்தால் பேனலை எங்கே போட்டாலும் லாபம்தான், காட்டை அழித்துப் போட்டாலும்கூட. எல்லா இடத்துக்கும் ஒரே பதிலைச் சொல்லும் கணக்கை வைத்துக்கொண்டு இடத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. அதனால்தான் இங்கே நிலத்தையும் அதில் வாழ்பவற்றையும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

என் கட்சியை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். பேனல் எந்த வகை, பண்ணை எவ்வளவு பெரிது என்பதற்கெல்லாம் முன்னால், நேற்று வரை அந்த நிலத்தில் என்ன வாழ்ந்தது என்று பார்க்க வேண்டும். ஒரே பேனல் ஓரிடத்தில் உயிர்களைத் துரத்துகிறது, இன்னோரிடத்தில் அழைத்து வருகிறது.

## எதைக் கொண்டு அளப்பது

நேற்று வரை இருந்தது என்ன. கலப்பையே படாத புல்வெளியா, ஆண்டு தவறாமல் ஒரே பயிர் போட்டு மருந்தடித்த வயலா, தோண்டி முடித்துக் கைவிட்ட சுரங்கமா? இதற்குப் பதில் தெரியாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை.

மண்ணை என்ன செய்கிறார்கள். பேனல்கள் இரும்புத் தூண்களின் மேல் நிற்கின்றன. செடிகொடிகளை இருந்தபடியே விட்டுவிட்டு, தூண்களை மட்டும் மண்ணில் அறைந்து இறக்கலாம். அல்லது புல்டோசர் விட்டு மேடுபள்ளம் எல்லாவற்றையும் மட்டம் தட்டி, வேரோடு வழித்தெடுத்துவிட்டு நடலாம். இரண்டாவது வழியில் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் நிலத்துக்கு வரும் சேதத்தில் பெரும்பங்கு அந்த முதல் சில வாரங்களிலேயே, ஒரு பேனல்கூட வந்து இறங்கும் முன்பே, நடந்து முடிந்துவிடும்.

வேலி. 1 மெகாவாட்டுக்குச் சுமார் 5 முதல் 8 ஏக்கர் தேவை. சில நூறு மெகாவாட் என்றால் ஆயிரக்கணக்கான ஏக்கரைச் சுற்றி வேலி. உள்ளே போன நிலம் ஒரு இழப்பு. வேலியால் அடைபட்ட வழித்தடம் இன்னொரு இழப்பு. இரண்டாவதை யாரும் ஏக்கரில் எழுதிக் காட்டுவதில்லை.

நீர். பேனல் கழுவ எவ்வளவு, மழைநீர் எங்கே ஓடும், அடியில் ஈரம் நிற்குமா காயுமா.

மின்கம்பி. பண்ணையிலிருந்து மின்சாரத்தை எடுத்துச் செல்லும் உயர் அழுத்தக் கம்பி. திட்ட அறிக்கையில் இது வேறு திட்டமாகவே இருக்கும். பறவைக்கு அந்தப் பிரிவினை தெரியாது.

மீள எவ்வளவு காலம். பேனலின் ஆயுள் 25 முதல் 30 ஆண்டுகள். கழற்றி எடுத்த பின் பழைய நிலம் திரும்பி வருமா என்பதும் இடத்துக்கு இடம் மாறும்.

## 1. பொட்டல் என்று பெயர் வாங்கிய வறண்ட நிலம்

கம்பெனிகளுக்கு முதலில் கண்ணில் படுவது இதுதான். வெயில் அதிகம், ஆள் குறைவு, நிலம் மலிவு. செயற்கைக்கோள் படத்தில் பழுப்பு நிறமாக, ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும். என் பட்டியலில் இதற்குக் கடைசி இடம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பாலைநிலத்தில் குனிந்து உட்கார்ந்து மண்ணைப் பாருங்கள். மேலே கறுத்து, பொரிந்தது போலச் சின்னச் சின்னப் புடைப்புகளோடு ஒரு தோல் படிந்திருக்கும். அது வெறும் மண் இல்லை. நீலப்பச்சைப் பாசிகளும் லைக்கன்களும் இழை இழையாகப் பின்னி மண்துகள்களைக் கட்டிப் பிடித்திருக்கின்றன. காற்று மண்ணை அள்ளிக்கொண்டு போகாமல் தடுப்பது அந்தத் தோல். காற்றிலுள்ள நைட்ரஜனை இழுத்துச் செடிகளுக்கு உரமாகக் கொடுப்பதும் அதுதான். ஒரு லாரி அதன் மேல் ஒருமுறை ஏறி இறங்கினால் போதும், நொறுங்கிப்போகும். மறுபடி வளரப் பல பத்தாண்டுகள், சில இடங்களில் நூறாண்டுக்கும் மேல் ஆகும். 30 ஆண்டில் பேனலைக் கழற்றிவிடுவோம் என்ற வாக்குறுதிக்கு இங்கே அவ்வளவாக மதிப்பில்லை.

தோல் உடைந்தால் தூசி. கலிஃபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போ வட்டாரத்தில் இரண்டு பெரிய சோலார் பண்ணைகள் கட்டப்பட்டபோது, மண்ணில் இருந்த பூஞ்சை தூசியோடு கிளம்பி, 2011க்கும் 2014க்கும் இடையில் 44 தொழிலாளர்களுக்குப் பள்ளத்தாக்குக் காய்ச்சல் என்ற நுரையீரல் நோய் வந்தது. மண்ணைக் கிளறியதன் விலையை அங்கே முதலில் கொடுத்தவர்கள் மண்ணைக் கிளறிய கைகளுக்குச் சொந்தக்காரர்களே.

அடுத்தது ஆமை. அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்து ஆமை தன் வாழ்நாளில் 95 சதவீதம் வரை வளைக்குள்தான் கழிக்கிறது. நிலத்தை மேலோட்டமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு 'இத்தனை ஆமைகள்தான்' என்று எழுதினால் தப்பாகத்தான் போகும். கலிஃபோர்னியாவின் ஐவன்பா சோலார் திட்டத்தில் அதுதான் நடந்தது. எதிர்பார்த்ததைவிட ஆமைகள் மிக அதிகமாக வெளிப்பட்டதால், 2011இல் வேலையின் ஒரு பகுதியை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. ஆமைகளைப் பிடித்து வேறிடத்தில் விடலாம் என்பார்கள். விடலாம்தான். ஆனால் வளை தெரியாத, நிழல் தெரியாத புது இடத்தில் அவை அலையும். நெவாடாவில் 2021இல் ஒரு சோலார் திட்டத்துக்காக இடம் மாற்றப்பட்ட ஆமைகளில் பலவற்றை, இரைபஞ்சமான அந்த ஆண்டில், பேட்ஜர்கள் என்ற வளை தோண்டும் விலங்குகள் தோண்டித் தின்றுவிட்டன. 'இடமாற்றம்' என்று அறிக்கையில் ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடுகிற காரியம் இது.

பறவைகளுக்கு வேறொரு ஆபத்து. ஏக்கர் கணக்கில் பளபளக்கும் கண்ணாடி, மேலிருந்து வரும் நீர்ப்பறவைக்கு ஏரியாகத் தெரிகிறது என்று ஒரு கருத்து உண்டு. முக்குளிப்பான், லூன் போன்றவற்றின் கால்கள் உடலின் பின்கோடியில் இருப்பதால், தரையில் இறங்கிவிட்டால் அவற்றால் திரும்ப எழும்பிப் பறக்க முடியாது. நீரில் ஓடித்தான் மேலெழ வேண்டும். பாலைவனப் பண்ணைகளில் இவற்றின் உடல்கள் கிடைத்திருக்கின்றன. 2013இல் கலிஃபோர்னியாவின் டெசர்ட் சன்லைட் பண்ணையில், அழியும் நிலையிலிருக்கும் யூமா காணான்கோழி ஒன்று இறந்து கிடந்தது. எல்லாப் பண்ணைகளிலும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது. இந்த ஏரி மயக்கம் எவ்வளவு தூரம் உண்மை என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது.

எண்ணிக்கையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயம் ஆகாது. அமெரிக்காவின் பெரிய சோலார் நிலையங்களில் ஆண்டுக்கு 37,800 முதல் 1,38,600 பறவைகள் வரை இறக்கலாம் என்று 2016இல் ஒரு மதிப்பீடு வந்தது. அதே நாட்டில் கட்டிடங்களில் மோதிச் சாகும் பறவைகள் ஆண்டுக்கு 36 கோடியிலிருந்து 98 கோடி வரை. சோலார் ஆதரவாளர்கள் இந்த ஒப்பீட்டை விரும்பிச் சொல்வார்கள். நான் அதில் பாதி தூரம்தான் அவர்களோடு போவேன். கட்டிடத்தில் மோதுவது பெரும்பாலும் ஏராளமாக இருக்கும் பறவைகள். சில நூறு மட்டுமே மிஞ்சியிருக்கும் ஓர் இனத்தில் பத்து செத்தாலும் அது வேறு கணக்கு.

அதற்குக் கானமயிலைவிட நல்ல உதாரணம் இல்லை. ராஜஸ்தானின் வறண்ட புல்வெளிகளில் வாழும் இந்தப் பறவை நூற்றைம்பதுக்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கிறது என்கிறார்கள். கனத்த உடல், நேர் எதிரே பார்க்கும் பார்வை குறைவு. குறுக்கே கம்பி இருப்பது தெரிந்தாலும் சட்டென்று திரும்ப முடியாது. இங்கே பேனல் செய்வதைவிடப் பேனலுக்காக இழுத்த கம்பி செய்யும் கேடு அதிகம். 2021இல் இந்திய உச்ச நீதிமன்றம் அதன் வாழிடங்களில் கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோகச் சொன்னது. 2024இல் அந்த உத்தரவைத் தளர்த்தி, நிபுணர் குழு ஒன்றை அமைத்தது. உயர் அழுத்தக் கம்பியைப் புதைப்பதற்கு ஆகும் செலவு, மலிவான நிலம் என்ற வாதத்தில் யாரும் சேர்க்காத செலவு.

வெப்பமும் மாறுகிறது. அரிசோனாவில் 2016இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், பக்கத்துப் பாலைநிலத்தைவிடச் சோலார் பண்ணையில் இரவு வெப்பம் 3 முதல் 4 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருந்தது. வெறும் தரையாக வழித்துவிட்டதும் அதற்கு ஒரு காரணம். செடிகள் ஈரம் விட்டுக் குளிர்விப்பது நின்றுபோகிறது அல்லவா.

எப்போது இது சரியான தேர்வு? ஏற்கெனவே அளவுக்கு மீறி மேய்ந்து, மண் பறந்துகொண்டிருக்கும் இடமாக இருந்தால். சீனாவின் சிங்காய் மாநிலத்தில் தலாத்தான் பகுதியில் மணல் பரவிக்கொண்டிருந்த நிலத்தில் பேனல்கள் வந்தன. காற்றின் வேகம் குறைந்தது, நிழலில் ஆவியாதல் குறைந்தது, பேனல் கழுவிய நீர் கீழே சொட்டியது. புல் வந்தது, கட்டுக்கடங்காமல் வளர்ந்து பேனலை மறைக்கத் தொடங்கியதும் செம்மறிகளை உள்ளே விட்டார்கள். அங்கே பாலைவனம் என்பது சமீபத்தில் வந்த நோய். மொஹாவியில் அது பல்லாயிரம் ஆண்டுப் பழைய குடித்தனம். இரண்டையும் 'பாலைவனச் சோலார்' என்று ஒரே தலைப்பில் போட்டுப் பேசுவதால்தான் பாதிக் குழப்பம்.

## 2. உழுது சலித்த விளைநிலம்

"சோறு போடும் நிலத்தில் கண்ணாடியா?" என்ற கேள்வி இயல்பானது. ஆனால் உயிர்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், வயல் என்று நாம் மரியாதையாகச் சொல்வது பெரும்பாலும் ஒரே பயிரும் களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் மட்டுமே உள்ள இடம். அங்கே பேனல் வந்து, உழவு நின்று, மருந்து நின்றால் நிலைமை மேலே போகத்தான் இடமிருக்கிறது.

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் முன்பு பயிர் வைத்த இரண்டு சோலார் இடங்களில் நாட்டுப் புற்களையும் பூச்செடிகளையும் விதைத்து ஐந்தாண்டுகள் பார்த்தார்கள். மொத்தப் பூச்சிகள் மூன்று மடங்காயின, நாட்டுத் தேனீக்கள் இருபது மடங்கு. இங்கிலாந்தின் கிழக்கில் ஃபென்ஸ் சமவெளியில் 2025இல் வெளியான ஆய்வு, பலவகைச் செடிகளோடு பராமரித்த சோலார் பண்ணைகளில், பக்கத்து வயல்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு பறவைகளைக் கண்டது. அதே ஆய்வில், புல்லை ஒட்ட வெட்டிவிட்டு ஆடுகளை ஓயாமல் மேயவிட்ட பண்ணைகளில் இந்த ஏற்றம் மிகக் குறைவு. பேனல் பொதுவானது, கீழே என்ன செய்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

பேனலின் அடியில் என்ன நடக்கிறது என்று ஒரு வரிசையின் ஓரமாக நின்று பார்த்தால் புரியும். மழை பெய்தால் பேனலின் கீழ்விளிம்பிலிருந்து நீர் ஒரே கோட்டில் கொட்டுகிறது. அந்தக் கோட்டில் புல் அடர்ந்து, சில இடங்களில் மண் அரித்து, சிறு வாய்க்கால் விழுந்திருக்கும். இரண்டடி உள்ளே தள்ளிப் போனால் மண் காய்ந்து கிடக்கும், நிழல் விரும்பும் வேறு செடிகள் இருக்கும். வரிசைகளுக்கு நடுவில் முழு வெயில். ஒரே வயல் மூன்று கீற்றுகளாகப் பிரிந்துவிடுகிறது. இங்கிலாந்தின் வெஸ்ட்மில் பண்ணையில் அளந்தபோது, கோடையில் பேனலுக்கு அடியில் மண் 5.2 டிகிரி வரை குளிர்ந்திருந்தது. தூண் நடும்போது சரிவைக் கவனிக்காமல் விட்டால் அந்த நீர்க்கோடு ஓடையாக மாறும். புல் வேர்பிடிக்கும் முன்பே பெருமழை வந்துவிட்டால் மேல்மண் போனது போனதுதான். ஆகவே பேனல் மாட்டுவதற்கு முன்பே விதைத்துவிடச் சொல்லுங்கள்.

அடியில் என்ன வைப்பது என்பது இதற்குள்ளேயே இன்னொரு தேர்வு. ஜல்லி கொட்டிக் களைக்கொல்லி அடிப்பது கம்பெனிக்கு எளிது, நிலத்துக்கு எல்லாவற்றிலும் கெட்டது. செம்மறி மேய்ப்பது இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறது; வெள்ளாடு வேண்டாம், பேனல் மேல் ஏறும், வயரைக் கடிக்கும். ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகம் 2018இல் வெளியிட்ட ஆய்வில், நீர் குறைந்த புல்வெளியில் பேனலின் அடியில் பருவக் கடைசியில் 90 சதவீதம் கூடுதல் புல் இருந்தது. பயிர் வைப்பது இன்னொரு வழி. அரிசோனாவின் டூசான் பக்கத்தில் 2019இல் வெளிவந்த சோதனையில் சில்டெபின் மிளகாய் மூன்று மடங்கும் தக்காளி இரண்டு மடங்கும் விளைந்தன. செடிகள் ஈரம் விட்டதால் பேனலும் பகலில் ஏறக்குறைய 9 டிகிரி குளிர்ந்தது. பேனல் குளிர்ந்தால் மின்சாரமும் சற்றுக் கூடும். ஆனால் இதெல்லாம் வெயில் கொளுத்தும் வறண்ட பகுதிக் கதை. வெளிச்சமே குறைவான ஊரில் நிழல் விளைச்சலைக் குறைக்கும். பேனலை உயரத்தில் தூக்கி நிறுத்த இரும்பும் அதிகம் வேண்டும்.

மறைந்திருக்கும் விலைகள் இரண்டு. ஒன்று, இங்கே நின்ற விளைச்சலை ஈடுகட்ட வேறெங்கோ காட்டையோ புல்வெளியையோ உழுதால் லாபம் கைமாறிப் போய்விடும். அதனால் நல்ல விளைச்சல் நிலத்தைவிட, மண் சலித்து விளைச்சல் குறைந்த நிலமே ஏற்றது. இரண்டாவது, எல்லா உயிர்களுக்கும் இது உகந்ததல்ல. திறந்த வெளியில் தரையில் கூடு கட்டும் வானம்பாடி போன்றவை பேனல்களுக்கு நடுவே இரை தேட வரலாம், கூடு கட்டுவது அரிது. இங்கிலாந்தில் 2023இல் வெளிவந்த ஆய்வில் பல வௌவால் இனங்களின் நடமாட்டம் சோலார் வயல்களில் குறைந்திருந்தது.

எப்போது இது சரியான தேர்வு? பல ஆண்டுகள் ஒரே பயிர் போட்ட, மண் களைத்த நிலம். ஏற்கெனவே பக்கத்தில் மின்கம்பி ஓடும் நிலம். அடியில் என்ன விதைப்பது, யார் பராமரிப்பது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுக்கும் கம்பெனி. மூன்றாவது இல்லாவிட்டால் முதல் இரண்டும் போதாது.

## 3. கெட்டுப்போன நிலம்

மூடிய குப்பைமேடு, கைவிட்ட சுரங்கம், பழைய விமானத் தளம், ராணுவப் பயிற்சித் திடல். காகிதத்தில் இதைவிட நல்ல இடம் கிடையாது: இழப்பதற்கு ஒன்றுமில்லை, சாலையும் மின்கம்பியும் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். ஜெர்மனியின் லீபெரோஸ பண்ணை 2009இல் சோவியத் படைகள் விட்டுச்சென்ற பயிற்சித் திடலில் வந்தது. வெடிக்காத குண்டுகளையும் கழிவுகளையும் அகற்றும் வேலையும் திட்டத்தோடு சேர்ந்தே நடந்தது.

சிக்கல்கள் வேறு மாதிரி. குப்பைமேட்டின் மேல்மூடியில் துளை போட்டால் மழைநீர் உள்ளே இறங்கி விஷம் வெளியேறும். அதனால் தூண் அறையாமல், கான்கிரீட் எடைகளை வைத்துப் பேனலை நிறுத்த வேண்டும். செலவு கூடும், குப்பை அமிழ அமிழ வரிசை கோணும். நிலம் துண்டு துண்டாகக் கிடைப்பதால் ஆயிரம் மெகாவாட் கனவெல்லாம் இங்கே நடக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கைவிட்டு நாற்பது ஆண்டான சுரங்கக் குழி பல நேரம் கெட்ட நிலமாகவே இருப்பதில்லை. உரம் ஏறாத மெலிந்த மண்ணில் மட்டும் வளரும் செடிகளும், வெறும் மணலில் வளை தோண்டும் காட்டுத் தேனீக்களும் அங்கே ஒதுங்கியிருக்கும். ஆவணம் கெட்ட நிலம் என்று சொல்கிறது என்பதற்காகக் கணக்கெடுப்பைத் தவிர்க்கக் கூடாது. ஒரு முழு ஆண்டு, எல்லாப் பருவத்திலும் பார்த்துவிட்டு முடிவெடுத்தால், தரையில் போடும் பண்ணைகளுக்கு இதுதான் என் முதல் தேர்வு.

## 4. நீர்ப்பரப்பு

நிலம் மிச்சம், ஆவியாதல் குறைவு, நீரின் குளிர்ச்சியால் பேனலுக்கும் நல்லது. இப்படிச் சொல்லித்தான் மிதவைச் சோலாரை விற்கிறார்கள், மூன்றும் உண்மைதான். சொல்லாமல் விடுவது நீருக்குள் நடப்பதை.

வெளிச்சம் குறைந்தால் பாசி குறையும். பாசி மண்டிய நீர்த்தேக்கத்துக்கு அது நன்மை. காற்று படாமல் நீர் கலங்காமல் நின்றால் கரைந்த ஆக்சிஜன் குறையும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சிறு குளங்களில் 70 சதவீதப் பரப்பை மூடிப் பார்த்தபோது ஆக்சிஜன் வெகுவாகக் குறைந்தது. மீத்தேனும் கரியமில வாயுவுமாகக் குளத்திலிருந்து வெளியேறும் பசுங்குடில் வாயுக்கள் ஏறக்குறைய 27 சதவீதம் கூடின. சிறு குளத்துக்கும் பெரிய நீர்த்தேக்கத்துக்கும் வேறுபாடு உண்டு. அந்த 70 சதவீதமும் அதிகபட்ச அளவு. ஆனால் எத்தனை சதவீதம் மூடப் போகிறார்கள் என்று கேட்காமல் விடக் கூடாது என்பதற்கு இது போதும்.

பூச்சிகள் பக்கமும் ஒரு விஷயம். மேஃப்ளை என்ற பூச்சி, வளர்ந்தபின் ஓரிரு நாள்தான் உயிரோடு இருக்கும். அதற்குள் இணைசேர்ந்து நீரில் முட்டையிட்டாக வேண்டும். நீரை அது அடையாளம் காண்பது, மேற்பரப்பிலிருந்து தட்டையாகத் திரும்பும் ஒருவகை ஒளியை வைத்து. பேனலின் கறுப்புக் கண்ணாடி அந்த ஒளியை நீரைவிட வலுவாகவே திருப்பி அனுப்புகிறது. பூச்சி அதில் இறங்கி, காய்ந்த கண்ணாடியில் முட்டைகளை இட்டுவிட்டு இறக்கிறது. ஹங்கேரிய ஆய்வாளர்கள் 2010இல் இதைக் காட்டினார்கள். பேனலில் வெள்ளைக் கோடுகள் போட்டுச் சிறு கட்டங்களாகப் பிரித்தால் பூச்சிகள் வெகுவாக ஏமாறுவதில்லை என்றும் கண்டார்கள். ஆற்றங்கரை, ஏரிக்கரைப் பண்ணைகளுக்கு இது முக்கியம். மீன்களுக்கும் தும்பிகளுக்கும் அந்தப் பூச்சிதான் சாப்பாடு.

புயலையும் கணக்கில் எடுங்கள். ஜப்பானின் யாமகுரா அணையில் மிதந்த 13.7 மெகாவாட் பேனல்களை 2019இல் ஃபாக்ஸாய் புயல் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்துவிட்டது. குவிந்த இடத்தில் தீப்பிடித்து எரிந்தது.

எப்போது இது சரியான தேர்வு? மனிதர் கட்டிய நீர்த்தேக்கம், பாசனக் கால்வாய், வலசை வரும் நீர்ப்பறவைகள் தங்காத இடம். இயற்கையான ஏரி, ஈரநிலம் என்றால் பேச்சே வேண்டாம். கால்வாயின் மேல் கூரைபோல் பேனல் வைப்பது எனக்குப் பிடித்த ஏற்பாடு: குஜராத்தில் 2012லேயே 750 மீட்டர் நீளத்துக்குச் செய்து பார்த்திருக்கிறார்கள். தாங்கும் இரும்புச் சட்டத்துக்கான செலவுதான் தடை.

## 5. கூரைகளும் வாகன நிறுத்தங்களும்

உயிர்களுக்குச் சேதம் ஏறக்குறைய இல்லை. புது வேலி இல்லை, நீண்ட கம்பி இல்லை. யூனிட்டுக்கு ஆகும் செலவு பெரிய பண்ணையைவிட அதிகம், எல்லாக் கூரையும் எடை தாங்காது, ஒரு நாட்டுக்குத் தேவையான அத்தனையும் இதில் கிடைத்துவிடாது. தொழிற்சாலை, கிடங்கு, பேருந்து நிலையம் என்று அகன்ற கூரை எங்கிருந்தாலும் முதலில் அங்கே போடட்டும். இதற்கு மேல் வாதிக்க ஒன்றுமில்லை.

## இடையில் ஒரு குறிப்பு: கோபுர வகை

பேனலுக்குப் பதிலாகக் கண்ணாடிகளால் வெயிலை ஒரு கோபுரத்தின் மேல் குவிக்கும் நிலையங்கள் வேறு ஜாதி. 2014இல் திறந்த ஐவன்பாவில் மூன்று கோபுரங்கள், 1,73,500 கண்ணாடித் தொகுதிகள். குவிந்த ஒளிக்குள் பூச்சிகள் வரும், பூச்சிகளைத் தேடிப் பறவைகள் வரும், சிறகு கருகி விழும். நெவாடாவின் கிரெசன்ட் டூன்ஸ் நிலையத்தில் 2015இல் சோதனை ஓட்டத்தின்போது இப்படிப் பறவைகள் இறந்தன. சும்மா நிற்கும் நேரத்தில் கண்ணாடிகளை ஒரே புள்ளியில் குவிக்காமல் பரப்பி வைத்ததும் சாவு குறைந்தது. உங்கள் பகுதிக்கு வருவது எந்த வகை என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பேனல் பண்ணைக்குக் கோபுரத்தின் பழியைச் சுமத்தி வாதாடுபவர்கள் நிறைய உண்டு.

## ஒரே பார்வையில்

| இடம் | இழப்பது | பெறக்கூடியது | கண்ணில் படாத செலவு | மீள்வது |
|---|---|---|---|---|
| பழைய வறண்ட நிலம், புல்வெளி | மிக அதிகம் | அநேகமாக ஒன்றுமில்லை | நீண்ட மின்கம்பி, தூசி, ஆமை இடமாற்றம் | பல பத்தாண்டுகள், நூறாண்டும் ஆகலாம் |
| களைத்த விளைநிலம் | குறைவு | அதிகம், பராமரித்தால் | விளைச்சல் வேறிடம் நகர்வது | சில ஆண்டுகள். மண் தேறியும் இருக்கும் |
| கெட்டுப்போன நிலம் | கணக்கெடுத்தால்தான் தெரியும் | நடுத்தரம் | சுத்தம் செய்வது, தனி அடித்தளம் | பொருந்தாது |
| செயற்கை நீர்ப்பரப்பு | மூடும் அளவைப் பொறுத்தது | ஆவியாதல் குறைவு | ஆக்சிஜன், புயல் | பெரும்பாலும் விரைவில் |
| கூரை | இல்லை | இல்லை | யூனிட் விலை | கேள்வியே இல்லை |

## கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

இடம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது, மாற்றும் வாய்ப்பில்லை என்று எழுதுபவர்களே அதிகம். அப்போதும் பேரம் பேச இடமிருக்கிறது.

நிலத்தை மட்டம் தட்டப் போகிறார்களா என்று கேளுங்கள். 'தேவையான இடத்தில் மட்டும்' என்ற பதிலோடு திருப்தி அடையாமல், எந்தெந்த இடம் என்று வரைபடத்தில் குறித்துத் தரச் சொல்லுங்கள். வேலியின் அடியில் சிறு விலங்குகள் நுழைய இடைவெளி விடச் சொல்லுங்கள். கலிஃபோர்னியாவின் டோபாஸ் பண்ணையில் அழியும் நிலையிலுள்ள கிட் நரிகள் அப்படித்தான் உள்ளே போய்வருகின்றன; பெரிய விலங்குகளுக்குத் தடையாக இருக்கும் வேலியே அந்தச் சிறு நரிகளுக்குத் தங்களைக் கொல்லும் கயோட்டி என்ற காட்டுநாய்களிடமிருந்து காப்பாகவும் ஆகிறது. மான் போன்றவற்றுக்கு இந்த இடைவெளி உதவாது. அவை நடக்கும் தடம் குறுக்கே போனால் பண்ணையையே இரண்டாகப் பிரித்து நடுவில் அகன்ற பாதை விட வேண்டும். இதை வேலி போட்ட பிறகு கேட்டுப் பயனில்லை.

மின்கம்பி எந்த வழியாகப் போகிறது என்பதைத் தனியாகக் கேளுங்கள். அது வேறு நிறுவனத்தின் வேலை என்று சொல்வார்கள். அந்த நிறுவனத்தின் பெயரையும் வரைபடத்தையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

கட்டுமானம் எந்த மாதத்தில் தொடங்குகிறது என்பதும் முக்கியம். கூடு கட்டும் பருவத்தில் புல்டோசர் இறங்கினால் ஒரு தலைமுறைக் குஞ்சுகள் போய்விடும். இரண்டு மூன்று மாதம் தள்ளிப் போடுவது கம்பெனிக்குத் தாங்கக்கூடிய செலவுதான்.

கடைசியாக, 30 ஆண்டு கழித்துத் தூண்களையும் புதைத்த வயர்களையும் யார் எடுப்பார்கள், அதற்கான பணம் இப்போதே எங்கே கட்டி வைக்கப்படுகிறது? கம்பெனிகள் கைமாறும், சில மூழ்கும். வாக்குறுதியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வராமல், வைப்புத்தொகையின் ரசீதைக் கேளுங்கள்.